நாடகம் போட்டவர்களின் உத்தியோகங்கள்

நூற்றாண்டு மலர்களில் பழைய மாணவியர் பட்டியல் பெரும்பாலும் தொழில் வாரியாகவே இருக்கும். வைத்தியர்கள் இத்தனை பேர், பொறியியலாளர்கள் இத்தனை பேர், கணக்காளர்கள், அதிபர்கள் என்று அது நீளும். அவர்களுள் யார் பாடசாலை மேடையில் அரிச்சந்திரனாக நின்றார், யார் சந்திரமதியாக அழுதார் என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. எங்கள் நாடக மன்றத்திலிருந்து வைத்தியத் துறைக்கு வந்துவிட்ட நாங்கள் இம்முறை அதையே மறுபக்கத்திலிருந்து பார்க்க விரும்பினோம். எங்கள் மண்ணில் நாடகம் போட்டவர்கள் சீவியத்துக்கு என்ன செய்தார்கள்?

கதை சென்னையில் தொடங்குகிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் அங்கே சுகுண விலாச சபையை நிறுவினார். அவர் வழக்கறிஞர், பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தார். சபையில் கூடியவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தர்கள். காங்கிரஸ் தலைவரும் வழக்கறிஞருமான சத்தியமூர்த்தி அந்த மேடையில் நடித்தவர். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. இச்சபையார் இலங்கைக்கும் வந்து ஆடினார்கள். அதைப் பார்த்து எழுந்த உற்சாகத்தில் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை பிறந்தது. அதன் தூணாக நின்றவர் பின்னாளில் கலையரசு என்று போற்றப்பட்ட க. சொர்ணலிங்கம்.

இந்தச் சபைகள் 'நாங்கள் காசுக்கு ஆடுபவர்கள் அல்லர்' என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆடிப் பிழைத்தவர்களைக் 'கூத்தாடி' என்று ஊர் தள்ளி வைத்திருந்தது. உத்தியோகத்தர் ஒருவர் அரிதாரம் பூச வேண்டுமென்றால், அது தன் பிழைப்பு அல்ல என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. மாதச் சம்பளம் அவருக்குச் சோறு போட்டதோடு மானத்தையும் காத்தது.

ஆனால் குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் கூத்துக்காரரும் கூத்தால் பிழைத்தவர்கள் அல்லர். பலர் கடற்றொழிலாளர். எங்கள் கரையில் 'தொழிலுக்குப் போதல்' என்றாலே கடலுக்குப் போவதுதான். கடலுக்குப் போய் வந்த களைப்போடு இரவில் அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் பாட்டுப் பழகி, விடிய விடிய ஆடுவார்கள். மத்தளமும் தாளமும் ஓய்ந்த கையோடு வலைக்குத் திரும்புவார்கள். இவர்களுக்கும் நாடகம் பொழுதுபோக்குத்தான். ஆனாலும் சபைக்காரருக்குக் கிடைத்த 'கலாரசிகர்' பட்டம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வேலையைக் காற்சட்டை போட்டவர் செய்தால் கலை, சாரம் கட்டியவர் செய்தால் கூத்து என்றிருந்த காலம் அது.

அந்தக் கோட்டை அழிக்க முனைந்தவர்கள் பல்கலைக்கழகத்தார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர்கள் நடிப்பதற்கென்று நாடகங்களை எழுதினார். அவருடைய 'நானாடகம்' 1940இல் வந்தது. ஆச்சிமாரும் உடையார்மாரும் பேசும் பேச்சே அதில் மேடையேறியது. அவர் நாடகங்களில் நடித்த மாணவர்களுள் ஒருவர் கரவெட்டிக் கார்த்திகேசு சிவத்தம்பி. அவர் ஸாகிறாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு பாராளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பாளராகி, அதன் பின்னரே பல்கலைக்கழக விரிவுரையாளரானார். இங்கிலாந்தில் அவர் செய்த கலாநிதி ஆய்வு பழந்தமிழர் நாடகம் பற்றியது. இளமையில் மாலை நேரத்துக்கென்று வைத்திருந்தது கடைசியில் பகல் வேலையாகிவிட்டது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். அண்ணாவிமாரிடம் பட்டதாரி மாணவர் ஆட்டம் பழகியது அப்போது புதினமான செய்தி. அவரது 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்தார்.

வைத்தியத் துறையில் இருப்பதால் எங்களுக்கு இங்கே இன்னொருவர் நினைவு வருகிறது. ரஷ்யாவின் அலெக்சாந்தர் பொரோடின் ஒரு வைத்தியர். சென் பீற்றர்ஸ்பேர்க் மருத்துவக் கழகத்தின் இரசாயனப் பேராசிரியர். 1872இல் அங்கே பெண்களுக்கான மருத்துவக் கற்கையைத் தொடங்க முன்னின்றவர்களுள் ஒருவர். உலகம் அவரை இசையமைப்பாளராகவே அறியும். அவருடைய இசைக் கூட்டாளிகளில் ஒருவர் கடற்படை அதிகாரி, ஒருவர் கோட்டை கட்டும் பொறியியலாளர், ஒருவர் அரச எழுதுவினைஞர். தலைவரான பலகிரேவ்கூட ஒரு காலத்தில் புகையிரதக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தார். சுகயீனம் வந்து விரிவுரைக்குப் போக முடியாத நாட்களில்தான் இசை எழுத முடிகிறது என்று பொரோடின் கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். இரவுக் கடமை பார்க்கும் எங்கள் தோழியருக்கு விளக்கம் தேவையில்லை. அவர் 1887இல் முடிக்காமல் விட்டுச் சென்ற 'இளவரசர் ஈகோர்' இசை நாடகத்தை நண்பர்களே முடித்தார்கள்.

இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. சபை நாடகங்களில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண்ணுக்கு மேடை இருந்த இடம் பெண்கள் பாடசாலை. அங்கே அரசனும் அவளே, அமைச்சனும் அவளே. கரியால் மீசை வரைந்தால் போதும். ஆனால் அந்த மேடைக்கு வயதெல்லை இருந்தது. உயர்தரம் முடிந்ததும் திரை விழுந்துவிடும். ஆணுக்கு உத்தியோகம் மேடையைத் தொடர வழி தந்தது. பெண்ணுக்கு உத்தியோகமே கிடைத்தாலும் மாலை நேரம் அவளுடையதாக இருக்கவில்லை. விதிவிலக்காக நின்ற தொழில் ஆசிரியத் தொழில்தான். கலியாணத்துக்குப் பிறகும் நாடகத்தோடு இருக்க விரும்பியவர் பாடசாலையில் நாடகம் பழக்கும் ரீச்சராக இருந்தார். நிகழ்ச்சி நிரலின் அடியில் 'நெறியாள்கை' என்று அவர் பெயர் வரும், சில வேளை அதுவும் வராது.

ஆசிரியத் தொழிலிலிருந்தே பெரிய மாற்றமும் வந்தது. 1970களில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு நாடகத்தில் டிப்ளோமாக் கற்கை நடத்தியது. அதில் படித்துத் திரும்பிய ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறி ஊர் ஊராகப் போனது. சண்முகலிங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றும் ஏராளமாக எழுதினார். நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமாகியது. 'நாடகம் சோறு போடுமோ?' என்று கேட்ட பெற்றோருக்கு முதல் முறையாகக் காட்டுவதற்கு ஒரு நியமனக் கடிதம் இருந்தது.

நாங்கள் மன்றத்தில் இருந்தது தொண்ணூறுகளில். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் வசனம் பாடமாக்கினோம். சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் மனங்களில் விட்ட காயத்தைப் பேசியது அக்காலத்தில்தான். அதே காயங்களை யாழ். போதனா வைத்தியசாலையில் மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. விடுதியில் வாய் திறக்காத நோயாளியின் பக்கத்தில் இருந்து காத்திருக்க எங்களுக்கு முதலில் பழக்கியது மருத்துவ பீடமல்ல, ஒத்திகைதான். மற்றவர் வசனம் முடியும்வரை பொறுத்து நிற்கவும், மௌனத்தையும் வசனமாக எண்ணவும் அங்கேதான் படித்தோம்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு மன்றமும் கலைந்தது. உடுப்புப் பெட்டி என்ன ஆனதென்று ஒருவருக்கும் தெரியாது.

இம்மலருக்காக அன்றைய உறுப்பினர்களைத் தேடிப் பேசினோம். ஒருவர் லண்டனில் தாதி. ஒருவர் யாழ்ப்பாணத்தில் வங்கி முகாமையாளர். எப்போதும் அரசனாக வந்தவர் ரொறன்ரோவில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். பின்னால் இருக்கும் நாற்பது பிள்ளைகளை அடக்க அந்தக் குரல் இன்றும் உதவுகிறதாம். இருவர் வைத்தியர்கள். ஒருவர் பிள்ளைகளை வளர்த்து முடித்து, ஐம்பதை நெருங்கும்போது கோவில் மண்டபத்தில் புலம்பெயர் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறார், சம்பளமில்லாமல்.

ஒரே ஒருவர் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஆசிரியராகி, வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார். எங்களுக்குள் ஆசைப்பட்டதையே தொழிலாக்கிக்கொண்டவர் அவர்தான். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டோம். வீட்டுக் காணியில் கத்தரியும் பயிற்றையும் வைத்திருக்கிறாராம். தவணை விடுமுறையில் நாடகம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டமாம்.