குண்டு விழுந்த எல்லை: கடலூர் பீச்சிலிருந்து விருத்தாசலம் வரை ஓர் அரைநாள் ஆட்டோ

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் இருமலையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

வீக்கெண்டுக்குக் கடலூர் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. சென்னையிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம், பாண்டிச்சேரியைத் தாண்டினா வந்துடும். தேவனாம்பட்டினம் பீச்சுல, அதாவது சில்வர் பீச்சுல, நின்னுக்கிட்டு ஒரு ஆட்டோக்காரர்கிட்ட கேட்கறீங்க: "அண்ணே, மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு, என்னெல்லாம் பார்க்கலாம்?" அவர் ஒரு லிஸ்ட் சொல்வார். கோட்டை இருந்த இடம், மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ், திருப்பாதிரிப்புலியூர் கோயில், பழைய டவுன் துறைமுகம். வெளிநாட்டு டூர் வெப்சைட்டுகள் இதையே "டுக் டுக் டூர்"னு விக்கும். டுக் டுக்னு சொன்னா நம்ம ஆட்டோ அண்ணன்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

என் கேள்வி ஒண்ணுதான். இந்த லிஸ்ட்டை முதல்ல யார் போட்டது? என்னோட பதில், 1690-ல வெடிச்ச ஒரு பீரங்கி.

கதையை செஞ்சியில ஆரம்பிக்கணும். 1677-ல சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கிறார். அதோட இந்தக் கடற்கரையும் மராத்தியர் கைக்கு வருது. தேவனாம்பட்டினத்துல அப்போ ஒரு சின்னக் கோட்டை இருந்தது, உள்ளூர் வணிகர் ஒருத்தர் கட்டினது. 1690 வாக்கில் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில இருக்கார், அவரைப் பிடிக்க முகலாயப் படை வருது. முற்றுகை எட்டு வருஷம் நீளப்போகுது. பணம் வேணும். அந்த நேரத்துல கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டையை விலைக்குக் கேட்குது. சென்னையில அப்போ கம்பெனியின் தலைவர் எலிஹு யேல். ஆமா, அமெரிக்காவுல இருக்கற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் வந்தது இவரால்தான்.

கோட்டையை வாங்கியாச்சு. கோட்டையைச் சுத்தி எவ்வளவு நிலம்? சர்வே நம்பர் கிடையாது, பட்டா கிடையாது. ஒப்பந்தத்துல எழுதின அளவு இதுதான்: கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியால் சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ, அதுக்குள்ள இருக்கற நிலமெல்லாம் கம்பெனிக்கு.

நான் வேலை பார்க்கற துறையில இதுக்கு ஜியோஃபென்ஸ்னு பேர். ஒரு புள்ளி, ஒரு ஆரம், அதுக்குள்ள இருந்தா சர்வீஸ் உண்டு, வெளியே இருந்தா இல்ல. கால் டாக்ஸி ஆப் திறந்ததும் "உங்கள் பகுதியில் சேவை இல்லை"னு வருதே, அதேதான். என்ன, இங்க ஆரத்தோட மதிப்பை முடிவு பண்ற உரிமை வாங்கறவன் கையில இருந்தது. ஒப்பந்தத்துல பீரங்கியோட ரகம் எழுதலை, எவ்வளவு மருந்து அடைக்கணும்னும் எழுதலை. ஒரு இன்புட்டுக்கு மேல்வரம்பு வெக்காம விட்டா என்ன நடக்கும்னு கோடு எழுதற யாருக்கும் தெரியும். சென்னையிலிருந்து நல்ல தூரம் அடிக்கற பெரிய பீரங்கியா பார்த்து அனுப்பினாங்க. அதை எப்படி அடைச்சுச் சுட்டா லாபம்ங்கறதைச் சுடறவன் திறமைக்கு விட்டாங்க. செப்டம்பர் மாசம், திசைக்கு ஒண்ணா குண்டுகள் பறந்தது. கடலூர் டவுனே வட்டத்துக்குள்ள வந்துடுச்சு. அந்தக் கிராமங்களுக்கு அப்புறம் குண்டு கிராமங்கள்னே பேர் நின்னுது.

இதை ஒரு சுவாரசியமான துணுக்காத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். காலையில வயலுக்குப் போனவங்க, வலையை உலர்த்திக்கிட்டு இருந்தவங்க, அவங்க தலைக்கு மேல ஒரு இரும்பு உருண்டை போகுது. சாயங்காலம் அவங்க வேற ஒருத்தரோட குடிகள். வரியை யார்கிட்ட கட்டணும், வழக்கை யார்கிட்ட கொண்டுபோகணும் எல்லாம் மாறிப்போச்சு. அவங்ககிட்ட யாரும் கேட்கலை.

அந்தக் கோட்டைக்குத்தான் செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வெச்சாங்க. 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சதும் இதுதான் கம்பெனியோட தலைமையிடம், 1752 வரைக்கும். சென்னையில மாட்டிக்கிட்ட ஒரு இளம் குமாஸ்தா, உள்ளூர்க்காரர் வேஷத்துல தப்பிச்சு இங்க வந்து சேர்ந்தார். அவர்தான் ராபர்ட் கிளைவ். பத்து வருஷம் கழிச்சு, 1756-ல, அதே கோட்டைக்கு அதிகாரியா திரும்பி வந்தார். 1758 ஜூன்ல பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினார். அதனால இன்னிக்கு ஆட்டோ அண்ணன் "இதான் தம்பி கோட்டை"னு காட்டறப்ப உங்களுக்குத் தெரியறது கொஞ்சம் செங்கல், நிறைய முள்ளுச்செடி, பக்கத்துல கெடிலம் ஆறு கடலோட சேர்ற முகத்துவாரம். ஃபோட்டோ நல்லா வராது, முன்னாடியே சொல்லிடறேன்.

இப்ப அந்த லிஸ்ட்டுக்குத் திரும்புவோம். கோட்டை, கம்பெனிக்காரங்க தங்கின தோட்ட பங்களா, கம்பெனியோட துறைமுகம். வாடகை கட்டுப்படியாகணும்னா ஆட்டோ அரை நாள்ல ஒரு சின்ன வட்டம்தான் அடிக்க முடியும். அந்த வட்டம் ஏறக்குறைய பழைய குண்டு வட்டம்தான். முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, "பார்க்க வேண்டிய இடம்"னா இன்னும் கம்பெனி கால் வெச்ச இடம்தான்.

அதே வட்டத்துக்குள்ள, லிஸ்ட்டுல வராதது எவ்வளவு இருக்கு தெரியுமா? கரையேறவிட்ட குப்பம்னு ஒரு ஊர். பல்லவ மன்னன் அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டான், கல்லு மிதந்து அவர் இங்க கரையேறினார்னு ஐதீகம். சின்ன ஊர், பேரே முழுக் கதையையும் சொல்லிடுது. அப்புறம் பாரதி. 1918 நவம்பர்ல பாண்டிச்சேரியை விட்டுப் பிரிட்டிஷ் எல்லைக்குள்ள வந்ததும் கைது, கடலூர் சிறை, டிசம்பர் நடுவுல விடுதலை. அப்புறம் முதுநகர்ல பிறந்த அஞ்சலையம்மாள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமா அடக்கின நீல் துரைக்குச் சென்னை மவுண்ட் ரோட்டுல ஒரு சிலை இருந்தது. 1927-ல அதை எடுக்கணும்னு நடந்த போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவர். பின்னாடி சட்டமன்ற உறுப்பினராவும் இருந்தார். ஆட்டோ அண்ணன்கிட்ட பேரைச் சொல்லிக் கேளுங்க, பாதிப் பேருக்கு வழி தெரியும். நாம கேட்கறதில்ல, அதனால அவங்க சொல்றதில்ல.

தேவனாம்பட்டினத்துல இன்னொண்ணு. 2004 டிசம்பர் 26 சுனாமியில கடலூர் மாவட்டம் பலமா அடி வாங்கின இடம், இந்த மீனவர் குப்பமும் அதுல ஒண்ணு. பீச்சுல செல்ஃபி எடுக்கறப்ப அதையும் மனசுல வெச்சுக்கலாம்.

சரி, குண்டு போய்ச் சேராத இடத்துக்குப் போவோம். முதுநகர்ல இருக்கற கடலூர் துறைமுகம் ஜங்ஷன்லேருந்து மேற்கே ஒரு ரயில் பாதை போகுது. வடலூர், நெய்வேலி, அப்புறம் விருத்தாசலம். சுமார் 60 கிலோமீட்டர். பீச்சுலேருந்து ஆட்டோவுல போற தூரம் இல்ல. ரயில்ல போய் இறங்கி, அங்க ஒரு ஆட்டோ பிடிங்க. அரை நாளை இங்க செலவழிக்கலாம்னுதான் இந்த எபிசோடே.

முதல்ல விருத்தகிரீஸ்வரர் கோயில். ஊரோட பழைய பேர் திருமுதுகுன்றம். சோழ அரசி செம்பியன் மாதேவி திருப்பணி செஞ்ச கோயில். சுந்தரர் தனக்குக் கிடைச்ச பொன்னை இங்க மணிமுத்தாற்றுல போட்டுட்டு, திருவாரூர்க் குளத்துல எடுத்தார்னு கதை. "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடின மாதிரி"னு உங்க பாட்டி திட்டியிருந்தா, அந்த ஆறு இதுதான். டிசம்பர், ஜனவரியில போனா தண்ணி இருக்கும். மத்த நேரம் மணல்.

கோயிலோட வெளி மதிலை ஒரு தடவை நின்னு பாருங்க. உயரம். அந்த உயரத்தாலதான் 1751-ல இந்தக் கோயில் ஒரு கோட்டையா மாறிச்சு. ஆற்காடு நவாப் பதவிக்குச் சண்டை. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சு, முகமது அலி பக்கம் ஆங்கிலேயர். கடற்கரையிலிருந்து திருச்சிக்குப் போற வழியில விருத்தாசலம் இருக்கு. சந்தா சாகிபின் ஆட்கள் கோயிலுக்குள்ள இருந்தாங்க, கம்பெனிப் படை வந்து வெளியேத்தி, தன் ஆட்களை உள்ள வெச்சுது. சுவாமிக்கு அந்த வருஷம் பூஜை எப்படி நடந்ததுன்னு யாரும் எழுதலை.

ஜூலையில ஒரு பாளையக்காரர் படை கோயிலைச் சூழ்ந்தது. செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து உதவி கிளம்பிச்சு. கூட்டிட்டு வந்தவர் ஜார்ஜ் பிகட், கூட கிளைவ். முற்றுகையை உடைச்சாச்சு. வந்த படையை விட்டுட்டு, ரெண்டு பேரும் 12 சிப்பாய்களோட, சில வேலைக்காரங்களோட கடலூருக்குத் திரும்பினாங்க. வழியில பாளையக்காரர் ஆட்கள் சூழ்ந்துக்கிட்டாங்க. 7 சிப்பாய்கள் செத்தாங்க. மருந்து தீர்ந்துபோச்சு, மீதிப் பேரைக் கலைஞ்சு ஓடச் சொல்லிட்டு, துரைங்க ரெண்டு பேரும் குதிரை வேகத்தால தப்பிச்சாங்க. அடுத்த மாசக் கடைசியில கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போறார். அங்கேருந்து பிளாசி வரை நேர் ரோடு. அந்தக் குதிரை விருத்தாசலம் ரோட்டுல கால் இடறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கறது எனக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு.

இந்தச் சம்பவத்தை அந்தக் காலத்துலயே ராபர்ட் ஓர்ம் தன்னோட வரலாற்றுல எழுதிட்டார். பிகட், கிளைவ் பேர் இருக்கு. செத்தவங்களுக்கு எண்ணிக்கை மட்டும். குண்டு கிராமத்துக்காரங்களுக்கும் இதே நிலைமைதான், அவங்களுக்கு எண்ணிக்கைகூட இல்ல.

கோயிலை முடிச்சுட்டு ஆட்டோ அண்ணன்கிட்ட "பீங்கான் கம்பெனிக்குப் போகணும்"னு சொல்லுங்க. "அங்க என்ன தம்பி இருக்கு பார்க்க?"னு கேட்பார். என்கிட்டயும் கேட்டார். இருக்குண்ணே, போங்கன்னேன்.

உங்க அப்பா அம்மா வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்த்திருக்கீங்களா? வெள்ளையா ஒரு பீங்கான் கட்டை இருக்கும், உள்ள மெல்லிசா ஒரு ஃபியூஸ் கம்பி. கரண்ட் போனா அப்பா ஸ்டூல் போட்டு ஏறி அதைத்தான் பிடுங்குவார். அந்த மாதிரி ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், கப்பு, ஜாடி, பொம்மை, அகல் விளக்கு, இதெல்லாம் செய்யற சின்னச் சின்னப் பட்டறைகள் விருத்தாசலத்துல இருக்கு. பீங்கான் தொழிலுக்குன்னே டிப்ளமோ சொல்லித்தர்ற அரசுப் பயிலகம் ஒண்ணும் இதே ஊர்லதான்.

ஏன் இந்த ஊர்? 25 கிலோமீட்டர் சுத்துல நெய்வேலி. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்ப கறுப்பா ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல நிறுவனம் ஆரம்பிச்சாங்க, 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். அந்த நிலக்கரிக்கு மேல கனமான மண் அடுக்கு. அதை அள்ளினாதான் கரி கிடைக்கும். அந்த அடுக்குல வெள்ளைக் களிமண்ணும் உண்டு. ஒரு பக்கம் கழிவு, இன்னொரு பக்கம் கச்சாப்பொருள். நெய்வேலிக் கரண்ட் நமக்கு வர்ற வழியில தாங்கி நிக்கற பீங்கானும் அதே மண்ணோட சொந்தக்காரன்.

பட்டறைக்குள்ள முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க, பெரும்பாலும் விடுவாங்க. பார்க்கறதுக்கு அழகான வேலை. களிமண்ணைத் தண்ணியில கரைச்சு, வடிகட்டி, மோர் மாதிரி கூழாக்குவாங்க. அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும், ஓரமா ஒரு தோல் படியும். போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைத் திரும்பக் கொட்டிடுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அச்சைப் பிரிச்சா உள்ள ஒரு பிள்ளையார் பிறந்திருப்பார், ஈரமா, தொட்டா நசுங்கற பதத்துல. ஒட்டுக் கோட்டைக் கத்தியால சுரண்டி, ஈரப் பஞ்சால தடவி விடுவாங்க. இந்த வேலையில பெண்கள் நிறைய. காய வெச்சு, மெருகுப் பூச்சு முக்கி, சூளையில 1,000 டிகிரிக்கு மேல வேகவெச்சு எடுத்தா பிள்ளையார் கொஞ்சம் இளைச்சிருப்பார். அதனால அச்சையே பெருசா செய்யணும். எவ்வளவு பெருசுங்கறது மண்ணைப் பொறுத்தது, அது அச்சுக்காரரோட அனுபவக் கணக்கு.

தொழில் லேசா இல்ல. வீடுகள்ல ஃபியூஸ் கட்டை போய் எம்.சி.பி. சுவிட்ச் வந்துடுச்சு. பொம்மைக்குச் சீனச் சரக்கு போட்டி, டைல்ஸ், சானிட்டரிக்குக் குஜராத் மோர்பி போட்டி. சூளைக்கு ஆகற எரிபொருள் செலவு வேற. கொலுவும் கார்த்திகையும்தான் இப்ப நிறையப் பட்டறைகளைத் தாங்குது.

கொலுவுக்கு முந்தின ரெண்டு மாசம் போனா எல்லாச் சூளையும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், பேச நேரம் இருக்காது, ஆனா பார்க்க நிறைய இருக்கும். லேசா நிறம் பிசகின பொம்மைகளைப் பட்டறை வாசல்லயே குறைஞ்ச விலைக்குக் கொடுப்பாங்க. ஆட்டோல திரும்பி வர்றப்ப மடியில வெச்சுக்கோங்க. ஜங்ஷன் ரோட்டுல பள்ளம் ஜாஸ்தி.