வெரோபோர்டு

ஒரு பக்கம் இணையான செப்புப் பட்டைகளும், பட்டைகள் நெடுக 2.54 மில்லிமீட்டர் (0.1 அங்குலம்) இடைவெளியில் துளைகளும் கொண்ட மின்காப்புப் பலகை. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வெரோ பிரிசிஷன் எஞ்சினியரிங் நிறுவனத்தில் உருவானது. அதன் வணிகப் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. துளையில் பொருத்தும் ஐ.சி.யின் (ஒருங்கிணைந்த சுற்று) கால்களுக்கு இடையேயும் அதே 0.1 அங்குலம் என்பதால், பெரிக் குளோரைடில் செம்பை அரித்து அச்சுப்பலகை செய்ய விரும்பாத பொழுதுபோக்காளர்களுக்கு இது வசதியானது.

ஒவ்வொரு பட்டையும் ஒரு கம்பி. மின்சாரம் போகக்கூடாத இடத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளைக்கருவி நுனியைத் துளையில் வைத்துக் கையால் திருகிச் செம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஐ.சி.யின் எதிரெதிர்க் கால்கள் ஒரே பட்டையில் விழுவதால், எட்டுக் கால் 555 டைமர் ஐ.சி.க்கு நான்கு வெட்டுகள் தேவை. அதில் 1ஆம் கால் தரை, நேர் எதிரே 8ஆம் கால் மின்வழங்கி. அந்த ஒரு வெட்டு விடுபட்டால் பேட்டரி நேராகக் குறுக்குச்சுற்றாகும். பலகையைத் திருப்பியதும் இடம் வலமாவதை மறந்து, வெட்டைத் தவறான பக்கத்தில் போடுவது அனுபவசாலிகளும் செய்யும் பிழை.

ஈயம் பற்றவைக்கும்போது சால்டரிங் அயர்னின் முனை பட்டையையும் காலையும் சேர்த்துத் தொட வேண்டும். ஈயக்கம்பியை முனையில் அல்ல, இணைப்பில் கொடுக்க வேண்டும். 60:40 வெள்ளீய–காரீயக் கலவை 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். முனையை 350 பாகை அளவில் வைத்தால் இரண்டு மூன்று விநாடிகள் போதும். அதிக நேரம் சூடாக்கினால் பட்டையை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய்ச் செம்பு உரிந்து வரும். சூடு போதாவிட்டால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘டிரை சால்டர்’: ஈயம் காலில் ஒட்டாமல் உருண்டு நிற்கும். மங்கலான நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. காரீயம் இல்லாத சால்டர் நல்ல இணைப்பிலும் மங்கலாகவே தெரியும்.

சுற்று வேலை செய்யாவிட்டால் ஐ.சி.யைக் குறைசொல்வது வழக்கம். ஆனால் இத்தகைய பலகையில் குற்றம் பெரும்பாலும் செம்பிலேயே இருக்கும்: முழுதாக அறுபடாத வெட்டு, வெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மயிரிழைச் செம்பு, பக்கத்துப் பட்டைக்குத் தாவிய ஈயம். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்து, பட்டைகளுக்கு நடுவே பிளேடு நுனியை ஓட்டினாலே பாதி தீரும். அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து ஐ.சி.யைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, அடுத்தடுத்த பட்டைகளையும் ஒவ்வொரு வெட்டின் இரு புறத்தையும் மல்டிமீட்டரின் பஸ்ஸரால் சோதிக்க வேண்டும். பெரிய மின்தேக்கி இருந்தால் மீட்டர் சற்றே ஒலித்து அடங்கும்; அது குறுக்குச்சுற்று அல்ல.

மின்சாரம் கொடுத்தபின், வோல்ட்டைப் பட்டையில் அல்லாமல் ஐ.சி.யின் காலிலேயே அளப்பது நல்லது. சாக்கெட் இணைப்பு உட்பட இடையிலுள்ள கோளாறு அப்போதுதான் வெளிப்படும். பிறகு திசைகள்: டயோடு, மின்பகு மின்தேக்கி, டிரான்சிஸ்டர். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கையில், பி.சி.547இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் இவ்வரிசை தலைகீழ்.

எல்லாம் சரியாக இருந்தும் சுற்று தடுமாறினால், பலகையே காரணமாகலாம். அருகருகே ஓடும் பட்டைகள் சிறு மின்தேக்கிபோல் இயங்குவதால் உயர் அதிர்வெண் சுற்றுகளுக்கு வெரோபோர்டு ஏற்றதல்ல. ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் உள்ளீட்டுப் பட்டைக்கும் வெளியீட்டுப் பட்டைக்கும் நடுவே ஒரு வெற்றுப் பட்டையை விட்டு அதைத் தரையோடு இணைத்தால், தேவையற்ற ஊளை பெரும்பாலும் அடங்கும்.