இந்தியாவின் பெயர் தாங்கிய பீர்

பெங்களூரிலும் குருகிராமத்திலும் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள பானசாலைகளின் விலைப்பட்டியலில் ‘ஐ.பி.ஏ.’ என்னும் மூன்றெழுத்தைக் காணலாம். ‘இந்தியா பேல் ஏல்’ என்பதன் சுருக்கம் அது. வெளிறிய நிறமும் மிகுந்த கசப்பும் உடைய ஒருவகை பீர். பெயரில் இந்தியா இருக்கிறது, ஆயினும் அதன் பார்லி இங்கிலாந்தில் விளைந்தது, கசப்புக்குக் காரணமான ஹாப்ஸ் பூவும் அங்கேயே பூத்தது, வடித்தவர்களும் ஆங்கிலேயரே. பின் இந்தியாவின் பெயர் எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டது?

மாலையில் டபரா காப்பிக்கு மேல் எதையும் நாடாத நம் காலனிக் குடும்பங்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மதுவிலக்கை அரசின் நெறியாக அரசியற் சட்டத்தின் 47-ஆம் விதி கூறியிருப்பதும் நாம் அறிந்ததே. குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. ஒரு பண்டத்தின் வரலாற்றில் ஒரு பேரரசின் வரலாறும் மறைந்து கிடப்பதால்தான் இதனை எழுத நேர்ந்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பீர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, ஐந்தாறு மாதங்கள் கழித்து இந்தியா வந்து சேருமுன் புளித்துப்போயிற்று, அதனைக் கண்ட ஹாட்ஜ்சன் என்னும் லண்டன் வணிகர், ஹாப்ஸை மிகுதியாக இட்டுக் கெடாத பீர் ஒன்றைப் ‘புதிதாகக் கண்டுபிடித்தார்’. கதை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்பது 1760-களிலேயே ஆங்கிலேய வடிப்போர் அறிந்த செய்தி. ஹாட்ஜ்சன் மட்டுமன்றிப் பிறரும் இந்தியாவுக்கு அனுப்பியுள்ளனர். கறுத்த ‘போர்ட்டர்’ வகை பீரும் நல்ல நிலையிலேயே வந்து சேர்ந்தது. சாதாரணச் சிப்பாய்கள் பெரிதும் அருந்தியது அந்தப் போர்ட்டரையே. வெளிறிய ஏல் அதிகாரிகளின் மேசைக்கு உரியது.

அங்ஙனமாயின் ஹாட்ஜ்சனுக்கு வந்த பெருமை எதனால்? இடத்தினாலும் கடனாலும் என்க. ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752-இல் லண்டனின் கிழக்கே ‘போ’ என்னுமிடத்தில் மதுவடிசாலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அங்கிருந்து சிறிது தொலைவே. கப்பல் தலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிவந்து இந்தியாவில் விற்றுப் பொருளீட்டும் வழக்கம் இருந்தது. ஹாட்ஜ்சன் அவர்களுக்கு நெடுங்காலத் தவணையில் பீரைக் கொடுத்தார். கடனுக்குக் கிடைக்கும் சரக்கை எந்த வணிகர்தான் வேண்டாமென்பார்? பல மாதம் ஆட்டமும் வெப்பமும் பட்ட பீர் கல்கத்தா வந்து சேர்கையில் முதிர்ந்து தெளிந்து, நிலவறையில் ஈராண்டு கிடந்ததுபோல் ஆகிவிட்டது. அதனை யாரும் திட்டமிடவில்லை. கடலே செய்துகொடுத்த பக்குவம் அது.

கல்கத்தாவிலும் சென்னையிலும் அதனைக் குளிரச் செய்ய வெடியுப்புக் கரைத்த நீரில் புட்டிகளை நிறுத்திச் சுழற்றுவர். அதற்கென்றே ‘ஆப்தார்’ என்னும் பணியாள் இருந்தான். 1833-இல் அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தா வந்த பிறகு அவன் தொழில் நலிந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸில்தான் 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார் என்பதை நம்மவர் அனைவரும் அறிவர்.

நிற்க. 1820-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சனின் வழிவந்தோர் பேராசை கொண்டனர். கடனை நிறுத்தினர், விலையை ஏற்றினர், தாமே கப்பலில் அனுப்பி விற்கவும் முற்பட்டனர். கம்பெனியார் வெகுண்டனர். அதே வேளையில் பர்ட்டன் நகரத்து வடிப்போர், ருஷ்யா விதித்த சுங்கத்தால் தம் பழைய சந்தையை இழந்து தவித்துக்கொண்டிருந்தனர். கம்பெனியின் இயக்குநர் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்து இந்தியச் சந்தையைக் காட்டினார் என்றும், ஆல்சாப்பின் பணியாளர் ஒருவர் முதற்சோதனையைத் தேநீர்க் கெண்டி ஒன்றிலேயே செய்து பார்த்தார் என்றும் கூறுவர். பின்னர் பாஸ் முதலிய நிறுவனங்களும் தொடர்ந்தன. பாஸின் சிவப்பு முக்கோணம் 1876-இல் பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. பெயரோ அதற்கு முன்பே நிலைத்துவிட்டது. ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்னும் தொடர் 1829-இல் சிட்னி நகரப் பத்திரிகை விளம்பரமொன்றில் காணப்படுகிறது.

பர்ட்டன் வென்றதற்கு அதன் கிணற்று நீரே காரணம். அந்நிலத்தடியில் ஜிப்சம் மிகுதி. அந்த சல்பேட் நீர், ஹாப்ஸின் கசப்பைத் தடித்து உறுத்தாமல் கூர்மையாக்குகிறது. பிற்காலத்தில் வேதியியலார் இதனைக் கண்டறிந்தபின் பிற ஊராரும் தம் நீரில் ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டனர்.

இங்கே பீரின் ‘கனம்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே வாணலிக் காப்பிப்பொடியில் கெட்டி டிக்காக்ஷனும் எடுக்கலாம், நீர்த்த இரண்டாம் டிக்காக்ஷனும் எடுக்கலாம் அல்லவா? நாவில் நிற்கும் அந்தக் கெட்டித்தன்மையே கனம். முளைத்த பார்லியை உலர்த்தி நொறுக்கி வெந்நீரில் ஊறவைக்கையில், முளையிலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. நீரின் சூடு 62 முதல் 65 பாகை செல்சியஸ் வரை இருந்தால், ஈஸ்ட் எளிதில் உண்டு தீர்க்கும் சர்க்கரை மிகும், பீர் மெலியும். 68, 69 பாகை என்றால், ஈஸ்ட்டினால் உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின் எஞ்சும், பீர் கெட்டிப்படும். மூன்று நான்கு பாகையில் இத்துணை வேறுபாடு!

கப்பலேறிய பழைய ஏல் வேண்டுமென்றே மெலியச் செய்யப்பட்டது. எஞ்சிய சர்க்கரை பீப்பாய்க்குள் வழியில் மீண்டும் நொதித்தால் சரக்கு கெடும், பீப்பாய் கசியும். மரப்பீப்பாயில் வாழும் வேறொரு முரட்டு ஈஸ்ட், மற்றது விட்டுவைத்ததையும் பயணத்தில் அரித்துத் தின்றது. 1904-இல் கோப்பன்ஹேகனில் கிளாசென் என்பவர் ஆங்கில பீரிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து ‘பிரெட்டனோமைசிஸ்’ எனப் பெயரிட்டார். ஆகவே இந்தியாவுக்கு வந்த ஏலில் கனத்தைத் தேடியிருந்தால் ஏமாற்றமே.

இந்த முளைவித்தை நம் முன்னோர்க்கும் புதிதன்று. அரிசிக் கூழை ஆறவைத்து, முளையடை கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழியும் வீட்டு மதுவைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. செய்முறைக் குறிப்பாகவே அதனைக் கொள்ளலாம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் மலைகளிலேயே வடிக்கத் தொடங்கினர். கசௌலியில் எட்வர்டு டயர் நிறுவிய சாலை புகழ்பெற்றது. 1919-இல் ஜாலியன்வாலா பாகில் சுடச்சொன்ன ஜெனரல் டயர் அவர் மகனே. நீலகிரியின் சிறு சாலைகளும் பெங்களூர்ச் சாலையும் 1915-இல் யுனைடெட் புரூவரீஸ் என ஒன்றாயின. லேகர் பீர் பரவப் பரவப் பழைய ஏல் மங்கியது.

அதனை மீட்டவர்கள் பெரும்பாலும் வீட்டில் வடித்துப் பழகிய பொழுதுபோக்கினரே. பிரிட்டன் 1963-இல் வீட்டு வடிப்புக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் அதற்கு வழிவிடும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டு வடிப்போர்க்குக் கடை நடத்திய கென் கிராஸ்மன், 1980-இல் தம் சியர்ரா நெவாடா சாலையில் வடிக்கலானார். ஹாப்ஸை வாரியிட்டு மெலிந்த பீரைப் பெற்று, ‘கசப்பு இருக்கிறது, கனம் இல்லையே’ என்று அலுத்துக்கொண்டவர் பலர். ஊறல் சூட்டை இரண்டு பாகை உயர்த்துதல், ஓட்ஸும் கோதுமையும் ஓரளவு சேர்த்தல், நீரில் சல்பேட்டைக் குறைத்துக் குளோரைடைக் கூட்டுதல் ஆகியன அவர்கள் கைக்கொண்ட வழிகள். கடல் தாண்ட வேண்டியதில்லாத பீர் எவ்வளவு கெட்டியாகவும் இருக்கலாம் அல்லவா?

நம் நாட்டில் கலால் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. உரிமமின்றி வீட்டில் வடிப்பது பல மாநிலங்களில் குற்றம். ஆதலின் இச்சோதனைகள் உரிமம் பெற்ற சாலைகளிலேயே நடைபெறுகின்றன. இமயத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரிட்டதுண்டு. எனினும் இச்சாலைகளுக்கு வேண்டிய பூ பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது.