பெரட்டு

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் விடியுமுன்னே தப்புச் சத்தம் கேட்கும். இடுப்பில் படங்கைச் சுற்றியபடி லயத்து வாசலில் இருந்து ஓடுகிறவளை எங்கே இவ்வளவு அவசரம் என்று கேட்டால் ஒரே சொல்தான் வரும்: "பெரட்டுக்கு." வேலைக்கு அனுப்புமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைக் கூட்டம்தான் பெரட்டு. என் அம்மாயி அதைத் தமிழ்ச் சொல் என்றே கடைசிவரை நம்பியிருந்தார். நம்பியதில் பிழையில்லை. அதற்குள்ளேதான் அவர் ஆயுள் கழிந்தது.

அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பராரே' என்றால் ஆயத்தப்படுத்துதல். அந்த வேரில் முளைத்த ஸ்பானியச் சொல் 'பராதா'வுக்கு நிற்றல், நிறுத்தம் என்று பொருள். பஸ் தரிப்பிடத்துக்கு ஸ்பெயினில் இன்றும் அதுதான் பெயர். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 'பரேட்' வந்தது. படை வரிசையில் நின்று காட்டுவது, அணிவகுத்து நடப்பது, வசதியுள்ளவர்கள் கடலோரத்தில் உலாவுவது, அவர்கள் உலாவும் பாதை, எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கின.

உலாவும் வழக்கம் கொழும்போடு நின்றுவிட்டது. காலிமுகத்திடலில் ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதை அமைத்து முடித்தார். நகரத்துச் சீமாட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் என்று அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. பதுளை இருக்கும் ஊவா மலைக்கு ஏறி வந்தது அந்தச் சொல்லின் படைப் பொருள்தான். கோப்பிக் காலத்துத் துரைமாரில் படை அதிகாரிகளும் இருந்தார்கள். பதுளையை நிர்வகித்த மேஜர் ரோஜர்ஸும் படைக்காரர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. சொல்லை அவர்தான் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆளை நிறுத்தி, எண்ணி, பிறகே அனுப்புவது அவரைப் போன்றவர்களின் பழக்கம்.

நம் வாயில் அது பெரட்டு ஆயிற்று. நாவுக்குப் பழகிய 'பிரட்டு'தலோடு ஒட்டிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரட்டுக்களம், பெரட்டுக் கலைப்பது என்று குடும்பமும் பெருகியது. களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த மலை, கொழுந்தா, புல்வெட்டா, கவ்வாத்தா என்று பிரித்து விடுவார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. பிந்தி வந்தவளை விரட்டிவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே கணக்குத்தான். அரை நாள் வேலைக்கு அரைப்பேர்.

ஆக, ஆங்கிலத்தில் நடக்கிற சொல் இங்கே நிற்கிற சொல்லாகிவிட்டது. கூடைக்கயிறு தலையை அழுத்த, அட்டை காலைக் கடிக்க, நமுனுகுல மலைச் சரிவில் ஏறும் நடை பெரட்டுக் கலைந்த பிறகே தொடங்கும். அந்த நடைக்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை.

பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு என் தங்கை அணிநடை பழகிய வருடம் அது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "பரேட் இருக்கு அம்மாயி" என்று சிரித்தபடி வாசலில் இறங்கினாள். அம்மாயி நிமிர்ந்து பார்த்தார்.

"பெரட்டுக்குப் போறவளுக்கு என்னா புள்ள இம்புட்டுச் சிரிப்பு?"