சிறுநீரகம் படத்தில் விழுந்த வரலாறு

எக்ஸ்ரே கதிரை ராண்ட்ஜன் 1895-ல் கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் சிறுநீரகக் கல் ஒன்றைப் படமெடுத்துவிட்டார். கால்சியம் உள்ள கல் எலும்பைப் போலவே வெள்ளையாக விழும். சிறுநீரகம் அப்படி விழாது; அக்கம்பக்கச் சதையோடு கலந்து மங்கலாகத்தான் தெரியும். யூரிக் அமிலக் கல்லானால் கல்லும் தெரியாது. 1906-ல் ஜெர்மனியில் சிறுநீர்ப்பை வழியாகக் குழாய் விட்டு, வெள்ளிக் கரைசலை மேலே ஏற்றிப் பார்த்தார்கள். உட்குழிவு தெரிந்தது, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பது தெரியவில்லை.

அதற்கு 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் யூரோசெலக்டான் என்னும் அயோடின் மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றினார். அதைச் சிறுநீரகமே வடித்துச் சிறுநீரில் சேர்த்தது. மருந்து போன வழியெல்லாம் படத்தில் வெளுத்தது. வேலை நின்றுபோன சிறுநீரகத்தின் பக்கம் வெறுமையாகவே இருந்தது. வடிவமும் செயலும் ஒரே படத்தில் கிடைத்தன.

சென்னைப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் பெயரிலான கதிரியக்கவியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நோயாளிகளுக்கு, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் இந்த ஜி.எச்.தான் பெரியாஸ்பத்திரி. மருந்து ஏற்றி எடுக்கும் ஐவிபி படம் லேசான காரியமல்ல. முந்தின இரவே பேதி மருந்து கொடுத்துக் குடலைக் காலியாக்க வேண்டும். காற்றும் மலமும் நின்றால் படம் கெடும். ஊசி ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவும், சிலருக்குக் குமட்டும். சில நிமிட இடைவெளிகளில் படம் படமாக எடுப்பார்கள். அடைப்புள்ள பக்கத்தில் மருந்து தாமதித்து வந்தால் மணிக்கணக்கில் காத்திருந்து இன்னொன்று எடுக்க நேரும். அபூர்வமாக ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தானது. செயல் குன்றிய சிறுநீரகத்தில் மருந்து சரியாக இறங்காது, அதற்குக் கூடுதல் கெடுதலும் செய்யலாம். நோய் முற்றியவருக்கே இம்முறை குறைவாக உதவியது என்பது அதன் பெரிய கோளாறு.

கதிரியக்க அயோடினைக் கொண்டு 1956-ல் அமெரிக்காவில் செய்த ரீனோகிராம் என்னும் சிறுநீரகச் செயல் சோதனையில் முதலில் படமே கிடையாது. முதுகுப்புறம் வைத்த இரண்டு உணர்கருவிகள், பக்கத்துக்கு ஒன்றாக, காகிதத்தில் கோடு வரைந்தன. காமா கேமராவும் டெக்னீசியம் என்னும் கதிரியக்கத் தனிமமும் வந்தபின் இது படமானது. டெக்னீசியம் சேர்த்த டிடிபிஏ மருந்து இரு சிறுநீரகங்களும் வடிப்பதில் ஒவ்வொன்றின் பங்கைச் சொல்லும். அதேபோன்ற டிஎம்எஸ்ஏ மருந்து சிறுநீரகத்தின் புறணியில் படிந்து, குழந்தைகளுக்குத் தொற்றால் ஏற்பட்ட தழும்பைக் காட்டும்.

வேலூர் சிஎம்சியில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை தொடங்கியபின் எந்தச் சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு இன்னும் முக்கியமானது. இரண்டில் நன்றாக இயங்குவதைக் கொடுப்பவரிடமே விட்டுவைப்பது முறை. ஆனால் 1980-களில் சென்னையில் சிறுநீரகம் விற்பனைக்கு வந்து, வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே விழுந்தது. விற்ற 305 பேரைச் சென்னையில் கண்டு பேசிய ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்களில் 96 சதவீதத்தினர் கடனுக்காக விற்றவர்கள், 86 சதவீதத்தினர் உடல்நிலை சரிந்ததாகச் சொன்னவர்கள். விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது.

அதே 1994-ல் வந்த இன்னொரு சட்டம் அல்ட்ராசவுண்டைக் கட்டுப்படுத்தியது. கருவின் பாலினம் பார்க்கக்கூடிய கருவி என்பதால், சிறுநீரகம் மட்டும் பார்க்க வைத்திருந்தாலும் அதைப் பதிவு செய்தாக வேண்டும். அப்படியிருந்தும் ஊசியும் கதிர்வீச்சும் இல்லாத இந்த ஸ்கேன்தான் சிற்றூர்வரை பரவியது. வீக்கம், நீர்க்கட்டி, சுருக்கம் எல்லாம் தெரியும். நாட்பட்ட நோயில் சிறுநீரகம் பொதுவாக ஒன்பது சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். ஆனால் சர்க்கரை நோயில் அது கெட்டபின்னும் அளவு குறையாமல் நிற்பதுண்டு; ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே எழுதி வரும். அதனால்தான் ஸ்கேனோடு ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்கிறார்கள்.