சீமைக் கருவேலத்தின் மீதான வழக்கு

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் தரிசுகளையும் வற்றிய கண்மாய்களையும் மூடி நிற்கும் சீமைக் கருவேலம், மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வட பகுதி வரையிலும் கரீபியத் தீவுகளிலும் இயல்பாக வளரும் அவரைக் குடும்பத்து மரமாகும். வேலிக்காத்தான், காட்டுக்கருவை என்ற பெயர்களாலும் ஊர்தோறும் வழங்கப்படும் இம்மரத்தைத் தமிழ்நாட்டிலிருந்தே அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்று, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் பொக்லைன் எந்திரங்கள் இறங்கும் அளவுக்கு வேகம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலிலேயே, வெட்டுவதற்கு அறிவியல் அடிப்படை உண்டா என்ற கேள்வியின் பேரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. அந்தச் சில மாதங்களில் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் கைப்பேசிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட முதல் குற்றச்சாட்டு, இது அந்நிய மரம் என்பதே. ஒரு தாவரம் எங்கே பிறந்தது என்பதை வைத்து அது ஒரு நிலத்துக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்ப்பளிக்க முடியுமா என்பதை ஆராய, இம்மரம் வந்து சேர்ந்த வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று தமிழகத்தில் வேறில்லை.

சீமைக் கருவேலம் 1950களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்டது என்ற கதை மக்களிடையே பரவலாக வழங்கினாலும், அதன் வருகை அதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தையது. சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக இருந்தவரும் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய நூலால் அறியப்பட்டவருமான பெட்டோம், 1876இல் கோட்டையிலிருந்த வருவாய்த் துறைக்கு எழுதி இம்மரத்தின் விதைகளைக் கேட்டார். மறு ஆண்டு, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை மாவட்டத்தின் கமலாபுரத்தில் அவை ஊன்றப்பட்டன. தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது; ரயில் எஞ்சின்களும் நகரத்து அடுப்புகளும் விறகுக்காகக் காடுகளைத் தின்றுகொண்டிருந்ததால், மழை பொய்த்தாலும் பிழைத்து, வெட்டினால் மீண்டும் தழைக்கும் ஒரு மரத்தை வனத்துறை தேடியதில் வியப்பில்லை. பின்னர் ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதை அரச மரியாதைக்குரிய மரமாகவே அறிவித்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்புப் பாலை பரவுவதைத் தடுக்க 1960களின் தொடக்கத்தில் பன்னிப் புல்வெளியின் ஓரத்தில் இது பெரும் பரப்பில் நடப்பட்டது. எங்கும் அது தானாக ஊடுருவி வந்ததில்லை, அழைத்துவரப்பட்டே வந்தது.

தாவரங்களை நாட்டினம், அயலினம் என்று பிரிக்கும் வழக்கமும் பழமையானதன்று. ஆங்கிலேயத் தாவரவியலாளர் வாட்சன், குடிமைச் சட்டத்தில் மனிதருக்கு வழங்கிய சொற்களை எடுத்து, 1840களில் பிரிட்டனின் செடிகளுக்குச் சூட்டினார். விலங்குகளும் செடிகளும் அயல்நிலங்களில் புகுந்து பரவுவதைப் படையெடுப்பாக உருவகித்து சூழலியலாளர் எல்டன் 1958இல் எழுதிய நூலுக்குப் பிறகு அப்பிரிவு போர்மொழியாகவும் ஆயிற்று. 2011இல் சூழலியலாளர் மார்க் டேவிஸும் அவருடைய சகாக்கள் பதினெண்மரும் ஓர் உயிரினத்தை அதன் பிறப்பிடத்தால் மதிப்பிடக் கூடாது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையொப்பமிட்டு மறுத்தார்கள்; அயலினம் என்பது வேறு, பரவிக் கேடு செய்யும் அயலினம் என்பது வேறு என்பதை நாங்களும் அறிவோம் என்பதே அம்மறுப்பின் சாரம். அந்த வேறுபாடு ஆய்வுக்கூடத்தில் நிலைத்தாலும் தெருவுக்கு வரும்போது கரைந்துவிடுகிறது. பிறப்பிடமே குற்றமென்றால் இராமநாதபுரத்தின் பெருமையாக 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் குற்றவாளியே, ஏனெனில் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா ஆகியவற்றின் கதையும் அதுவே.

மரத்தின் மீது சாட்டப்பட்டவற்றுள் சில வெறும் கட்டுக்கதைகள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, உயிர்வளியைக் குறைத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பன ஒளிச்சேர்க்கை செய்யும் எந்த மரத்துக்கும் பொருந்தாத கூற்றுகள். மாறாக, இதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன; பூக்கள் தேனீக்களுக்கு உணவாகின்றன; இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. ஆனால் மெய்யான குற்றங்களும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆழத்துக்கும் அகலத்துக்கும் ஓடும் வேர்கள் நீரை எடுக்கின்றன. அடர்ந்து முட்புதராக நின்ற இடத்தில் புல்லும் பிற செடிகளும் ஒடுங்குகின்றன. ஆடுமாடுகளின் வயிற்றில் செரிக்காத கடின விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைப்பதால் மேய்ச்சல் நிலமே அதன் நாற்றங்காலாகிறது.

அப்படி முளைப்பதற்கு ஆளில்லாத நிலம் வேண்டும். அந்த நிலம் எப்படி உண்டாயிற்று என்பதே வழக்கின் மையமாக இருந்திருக்க வேண்டும் என்றாலும், அது கேட்கப்படவேயில்லை. ஆறு வற்றிய சீமையில் ஓடிவரும் மழைநீரை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தேக்கிய கண்மாய்ச் சங்கிலிகளே இராமநாதபுரத்து வேளாண்மையின் உயிர். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் அவற்றுள் ஒன்று. கரையைப் பலப்படுத்தவும் வண்டல் அள்ளவும் ஊரார் தம் உழைப்பைத் தரும் குடிமராமத்து முறை ஆங்கிலேயர் காலத்திலேயே நலிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் கண்மாய்கள் அரசுத் துறைகளின் கைக்கு மாறின, ஊருக்கும் நீருக்கும் இருந்த பொறுப்புறவு அறுந்தது. வரத்துக்கால்கள் தூர்ந்தன, வண்டல் மேடிட்டது, நஞ்சை தரிசாயிற்று, இளையோர் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போனார்கள். இவ்வாறு கைவிடப்பட்ட மண்ணில் வந்து நின்றதே சீமைக் கருவேலம். கண்மாயைக் கொன்றது மரம் என்று சொல்வது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பதாகும். இறந்த கண்மாய் மீள்வதை அது கடினமாக்கியது என்பது மட்டுமே உண்மை.

மழை நம்ப முடியாததாகிப்போன ஊர்களில் அந்த மரமே வெள்ளாமையாகவும் ஆனது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெட்டி, தூரை விட்டுவைத்து, விறகைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, காற்று மிகாமல் துளைகளைத் திறந்தும் அடைத்தும் நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டத் தொழில் வேரூன்றியது. தீ ஓரிடத்தில் உள்வாங்கினால் முழு மூட்டமும் சாம்பலாகும் என்பதால் இரவிலும் காவல் இருந்தாக வேண்டும். புகையிலும் முள்ளிலும் நடக்கும் இவ்வேலை எவ்வகையிலும் இலகுவானதன்று. தேநீர்க்கடை அடுப்புக்கும் சலவைப்பெட்டிக்கும் அந்தக் கரி போயிற்று. நிலமில்லாதோரும் புன்செய் பொய்த்தோரும் அந்தக் கூலியால் கோடையைக் கடந்தார்கள். ஒழிப்புக் கூட்டங்களில் இவர்களுடைய குரல் போதிய அளவு கேட்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அயல்தாவரத்தோடு தமிழகம் நடத்திய முந்தைய போராட்டம் ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்த்து ஸ்பெயினின் தனியுரிமையை உடைக்க எண்ணிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்த பூச்சியோ தரம் குறைந்த வேறோர் இனம். சாய முயற்சி தோற்றாலும், சப்பாத்திக் கள்ளியின் இனங்கள் பிற்காலத்தில் மாகாணமெங்கும் புதராக மண்டின. 1920களின் பிற்பகுதியில் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட மற்றொரு பூச்சியினம் சில ஆண்டுகளிலேயே அவற்றைப் பெருமளவு அழித்தது. கள்ளியை வென்ற அந்தப் பூச்சியும் அயலினமே.

நீலகிரியின் புல்வெளிகளில் ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் செய்த கேடு உண்மையானது. அங்கே அவற்றை அகற்றிப் புல்லை மீட்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஆயினும் அங்கும் மூலக் குற்றம் புல்வெளியைப் பயனற்ற வெற்று நிலம் என்று பதிவேட்டில் எழுதி மரம் நடச் சொன்ன நிர்வாகத்தையே சேரும். அதே மனப்போக்குதான் வறண்ட நிலத்துக் குடைவேலங் காடுகளையும் தரிசு என்று பெயரிட்டது.

தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை 2022இல் வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு முன்நிகழ்வு உண்டு: 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில், ஏரி கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் விறகுக்காக வரிசை வரிசையாக நடப்பட்டது நாட்டுக் கருவேலம். இந்த மண்ணுக்கே உரியதாகக் கருதப்படும் அந்த மரத்தின் தோப்புகளைப் பற்றியும், நீர் நிற்க வேண்டிய இடத்தை மரம் பிடித்துக்கொண்டது, வண்டல் சேர்கிறது, தூர்வார முடியவில்லை என்று ஆயக்கட்டு விவசாயிகள் முறையிட்டார்கள்.