பேரனுக்குச் சொன்ன புத்தகம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினான். "அப்பச்சி, என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க. தலைமைப் பண்பு வளர இதையெல்லாம் படிக்கோணுமாம். நீங்க எதைப் படிச்சீங்க?" என்றான். பத்துப் புத்தகங்கள். பத்தும் அமெரிக்காக்காரர்கள் எழுதியவை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் தலைவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புளூட்டார்க்கில்தான் போய் நிற்பார். கிரேக்க, ரோமானியப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் அவர். நெப்போலியன் பள்ளிப் பருவத்திலேயே அந்த நூலில் மூழ்கிக் கிடந்தவராம். எங்களுக்கு 'ஷெஃப்' என்றால் தலைவர். பேரனிடம் கேட்டால் ஓட்டல் சமையல்காரர் என்கிறான். போகட்டும்.

அவனுக்கு நான் சொன்ன புத்தகம் பிரெஞ்சுப் புத்தகம் அல்ல. அவிநாசியில் பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறதே கோவை மத்திய சிறை, அங்கே தமிழான புத்தகம்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழன் என்று எல்லோருக்கும் தெரியும். 1906ல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் வாங்கிய கப்பல்களில் ஒன்றின் பெயர் 'காலியா'. பிரான்ஸ் நாட்டின் பழைய பெயர் அது, கப்பலும் அங்கிருந்து வந்ததுதான். எதிர்க் கம்பெனிக்காரர்கள் டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அரசாங்கமே வந்தது. 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் தீர்ப்பு. ராஜத்துரோகப் பேச்சுக்கு 20 ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்து இடம் கொடுத்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. மேல் முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தில் விட்டார்கள். கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கில் பூட்டினார்கள். வெளியே இருந்து அவருக்கு உதவியவர்களில் ஒருவர் கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார். பெரியபுராணத்துக்குப் பேருரை எழுதினாரே, அவரேதான்.

அந்த நாட்களில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறு நூலை வ.உ.சி. தமிழாக்கினார். பெயர் 'மனம்போல வாழ்வு', வெளிவந்தது 1909. ஆலன் சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். மனிதன் தன் எண்ணங்களால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்பதே அவர் கட்சி. தன்னைச் சிறையில் அடைத்த அதே ஜாதிக்காரன் எழுதிய புத்தகத்தை, சிறையில் உட்கார்ந்து, தன் மக்கள் படிக்கட்டும் என்று மொழிபெயர்த்திருக்கிறார் மனிதர்!

உண்மையைச் சொன்னால் அந்தப் புத்தகத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஒருவனுடைய நிலைமைக்கு அவன் எண்ணமே காரணம் என்றால், செக்கு இழுத்தவர் எந்த எண்ணத்துக்காக இழுத்தார்? இந்தக் கேள்வி வ.உ.சி.க்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. அப்படியும் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று ஆலனை விடாமல் மொழிபெயர்த்தார். பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். கையும் காலும் சிறைக்காரன் வசம், மனம் மட்டும் தன் வசம் என்று இருந்த இடத்தில் படித்ததால் அந்த நூல் அவருக்கு வேறாகத் தெரிந்திருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே படிக்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை.

அவரே எழுதிய 'மெய்யறம்' எனக்கு இன்னும் பிடித்தது. குறளின் வழியில் 125 அதிகாரங்கள். அரசியலுக்கு என்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் அது மாணவரியலில் தொடங்குகிறது. அரசியலுக்கு வருமுன் மாணவனாகவும் இல்லறத்தானாகவும் இருந்துவிட்டு வர வேண்டும். குறள் படிக்கிறவர்கள் பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கலாம். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் வேலையில் இருந்தபோது படிக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் செக்ஷன் தலைவராக இருந்தேன். ஒரு பைல் காணாமல் போயிற்று. என்னிடம் வேலை பார்த்த இளைஞனுக்கு மெமோ கொடுத்தார்கள். அந்தப் பைலைக் கடைசியாக எடுத்தவன் நான்தான் என்பது இரண்டாம் நாளே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஓய்வு பெற ஐந்து வருஷம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. ரிட்டயர் ஆன பிறகு, இந்த அவிநாசி வீட்டுத் திண்ணையில், சிவாவின் பொருட்டு விழுந்த அந்த இரண்டாவது 20 ஆண்டைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பேரனிடம் இதையும் சொன்னேன். "அந்த அண்ணனைப் பார்த்துச் சொல்லிட்டீங்களா அப்பச்சி?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 'மனம்போல வாழ்வை' மட்டும் எடுத்துப் போனான். நான் பழைய டைரியில் அந்தப் பையனின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பையன் என்கிறேன், அவனுக்கும் இப்போது அறுபது இருக்கும்.